நாலு வரிக்கு ஒரு ஆல்பமா?

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறியதும் ஹெட்செட்டை மாட்டினேன். இறந்துபோன ராப்பர் ஒருவரின் புது ஆல்பம். முதல் பாட்டில் அவர் குரல் நாலே வரி. அப்புறம் ஒரு விருந்தாளிப் பாடகர், இன்னொரு விருந்தாளி. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியும் ஆளைக் காணோம்! துக்கம் விசாரிக்க வந்தவர்களே மைக்கைப் பிடித்துக்கொண்ட மாதிரி. எங்கோ கிடந்த அரைகுறை வரிகளை ஒட்டுப்போட்டு விற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை. எல்லாமே இப்படி இல்லை. அமெரிக்க ராப்பர் மேக் மில்லர் 2018-இல் இறந்தார். கூடவே வேலை செய்த தயாரிப்பாளர் ஜான் பிரையன் முடித்துக் கொடுத்த ‘சர்க்கிள்ஸ்’ ஆல்பம் 2020-இல்தான் வந்தது. அதில் மில்லரின் குரல்தான் முன்னால் நிற்கும். இதிலோ, கண்டக்டர் விசில்தான் தெளிவாகக் கேட்டது. பாதியிலேயே கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.