சான்று கொடுத்த பிறகு என்ன நடக்கிறது?

வளரும் நாடுகளின் நில நிர்வாகத்தைச் சீர்படுத்தச் செல்வ நாடுகளும் உலக வங்கியும் தரும் நிதியைப் பற்றிய அறிக்கைகளில், எத்தனை லட்சம் உரிமைச் சான்றுகள் வழங்கப்பட்டன என்ற கணக்கே முன்னால் நிற்கிறது. சான்று பெற்றவர் இறந்த பிறகோ நிலத்தை விற்ற பிறகோ பதிவேட்டில் பெயர் மாறுகிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

ருவாண்டாவில் பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் உதவியுடன் 2009க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் பதிவாயின. வானிலிருந்து எடுத்த படத்தின் அச்சுப்பிரதியை விரித்து வைத்து, நிலக்காரரும் பக்கத்து நிலக்காரர்களும் உடனிருக்க, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே எல்லைக்கோட்டைப் பேனாவால் வரைந்தார்கள். ஒரு துண்டுக்கு ஆன செலவு பத்து டாலரை எட்டவில்லை. சட்டப்படி மணந்த மனைவியின் பெயரும் கணவன் பெயரோடு ஏறியது. இதைச் சாதனை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அடுத்த பெயர் மாற்றத்துக்கு, நிலம் எவ்வளவு சிறியதானாலும், 30,000 ருவாண்டா பிராங்க் என்ற ஒரே கட்டணம் வைக்கப்பட்டது. போதாக்குறைக்கு, விவசாய நிலத்தை ஒரு ஹெக்டேருக்கும் குறைவாகத் துண்டாடக் கூடாது என்றது 2013ஆம் ஆண்டு நிலச் சட்டம். பெரும்பாலான குடும்பங்களின் மொத்த நிலமே அந்த அளவுக்கு இல்லை. பாகப்பிரிவினையும் சிறு விற்பனையும் பதிவேட்டுக்கு வெளியே நடந்ததில் வியப்பென்ன? கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கிய பதிவேடு, இப்படித்தான் மெல்ல மெல்லப் பழையதாகிறது.

கம்போடியாவின் கதை வேறு. உலக வங்கி, ஜெர்மனி, பின்லாந்து, கனடா ஆகியவை கைகோத்த திட்டம் 2002இல் தொடங்கி, சச்சரவில்லாத கிராமங்களில் விரைவாகவே சான்று வழங்கியது. நோம்பென் நகரின் பூங் காக் ஏரிக்கரையில் குடியிருந்தவர்களுக்கோ அது மறுக்கப்பட்டது. அவர்கள் இருந்த நிலம் 2007இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்டவர்களே விடுபட்டார்கள். 2009இல் அரசு அந்தத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. உலக வங்கி புதிய கடன்களை நிறுத்தியது பின்னர்தான்.

நாடுகள் தாமே விரும்பிப் பின்பற்றுவதற்கான, நிலவுரிமை குறித்த தன்னார்வ வழிகாட்டு நெறிகளை 2012இல் ரோமில் உலக உணவுப் பாதுகாப்புக் குழு ஏற்றது. மறு ஆண்டே நிதி தரும் நாடுகள் தங்களுக்குள் ஒரு பணிக்குழு அமைத்து, யார் எங்கே என்ன திட்டம் நடத்துகிறார்கள் என்பதைப் பகிரத் தொடங்கின. தகவல் பகிர்வு நல்லதே, எளிதும்கூட. பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, திட்டக்காலம் முடிந்தபின் உள்ளூர் நில அலுவலரின் சம்பளம் யார் பொறுப்பு, சச்சரவுள்ள நிலத்தை ஒதுக்கிவிட்டுப் போகலாமா என்பவற்றில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதுதான் கடினம். நிதியின் கடைசித் தவணையை, சான்று வழங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து எத்தனை விற்பனைகளும் வாரிசுரிமைகளும் பதிவேட்டில் ஏறியுள்ளன என்று பார்த்த பிறகு விடுவிப்பதாக அவர்கள் சேர்ந்து முடிவெடுக்கலாம்.