நாலு மாதக் காரில் பதினோரு இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் கார் துடைத்துக்கொண்டிருந்தேன். பானெட் மேல் ஈரத்துணியை இழுக்கும்போது ஒரு இடத்தில் துணி லேசாகப் பிடித்தது. பூச்சி ஏதாவது அடிபட்டுக் காய்ந்திருக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. மொபைல் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தால், கடுகு அளவுக்கு ஒரு பள்ளம். ஓரத்தில் வெள்ளை, நடுவில் சாம்பல் நிறம். வண்டி அடர்நீலம். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் பத்தடி தள்ளி நின்றாலும் அதுதான் தெரிகிறது. முன்பக்கம் முழுக்க விரலால் தடவித் தடவித் தேடினேன். பானெட்டில் ஆறு, பம்பரில் மூன்று, டிரைவர் பக்கக் கண்ணாடித் தூணில் ஒன்று, கண்ணாடிக்கு மேலே கூரை விளிம்பில் ஒன்று. மொத்தம் பதினொன்று. வண்டி எடுத்து நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஓடியது 4,100 கிலோமீட்டர்.

அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் கார். அப்பா தருமபுரியில் முப்பது வருஷம் ஒரு மொபெட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். டெலிவரி எடுத்து நேராக ஊருக்குத்தான் போனேன். அம்மா ஆரத்தி எடுத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் கேசரி கொடுத்தார். அப்பா தன் தோள்துண்டை எடுத்து பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தப் பதினொன்றையும் கண்டுபிடித்த பிறகு ஊருக்குப் போனபோது, நான் எதுவும் சொல்லாமலேயே அவர் கண்ணில் பட்டுவிட்டது. கூரை விளிம்பில் இருந்ததை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, யாராவது கல்லால அடிச்சாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம். கல்லால்தான் அடிக்கிறார்கள். தினமும் அடிக்கிறார்கள்.

பெங்களூரு ஓசூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஜிகணி, ஆனேக்கல் பக்கம் இருக்கிற கல் உடைக்கிற கிரஷர்களிலிருந்து ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் சந்தாபுராவில் வந்து ஏறும். பாதி வண்டியில் தார்ப்பாய் கிடையாது. மீதி வண்டியில் இருக்கிற தார்ப்பாய், நாலு கயிற்றில் இரண்டு அறுந்து கொடி மாதிரி பறந்துகொண்டிருக்கும். பக்கப் பலகையைத் தாண்டி, கோயில் கோபுரம் மாதிரி குவித்து ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு பிடி ஜல்லி கீழே கொட்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்க வேண்டிய மட் ஃப்ளாப் பல வண்டிகளில் இல்லவே இல்லை. இரட்டை டயருக்கு நடுவில் சிக்கிய கல் ஒன்று விடுபட்டால் அது எங்கே போகும்? பின்னால் வருகிறவன் முகத்துக்குத்தான். எனக்குக் கண்ணாடியும் பெயின்ட்டும் நடுவில் இருக்கின்றன. பைக்கில் வருகிற பையனுக்கு என்ன இருக்கிறது?

இது மட்டுமா? மழை நின்றதும் ரோட்டுப் பள்ளங்களை மூட ஆள் வருகிறார்கள். ஜல்லியையும் தூளையும் கலந்து பள்ளத்தில் கொட்டி, மண்வெட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரோலர் இல்லை, போதுமான தார் இல்லை. இரண்டே நாளில் அந்த ஜல்லி முழுக்கச் சக்கரம் பட்டுச் சிதறி லேன் முழுக்கப் பரவிவிடும். பள்ளம் பழையபடி பள்ளமாகவே இருக்கும், சுற்றிலும் கல் மட்டும் புதிதாகக் கிடக்கும். அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கிற பக்கமும் இதே கதைதான். தகரத் தடுப்பு ஓரமாகக் குவிந்து கிடக்கிற பொடிக்கல்லைப் பெருக்க ஒரு ஆள் வருவதில்லை.

இந்த ரோட்டுக்கு நான் எவ்வளவு கட்டியிருக்கிறேன் தெரியுமா? கர்நாடகத்தில் ஆயுள் சாலை வரி பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம்வரை விலையுள்ள காருக்கு 17 சதவீதம், அதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரி தனி. என் வண்டி எக்ஸ் ஷோரூம் பத்தரை லட்சம். வரியும் செஸ்ஸும் சேர்ந்து இரண்டு லட்சத்தை நெருங்கிவிட்டது. ஒரே தவணையில் வாங்கிக்கொண்டுதான் நம்பர் கொடுத்தார்கள். அப்புறம் எலிவேட்டட் ரோட்டில் ஏறினால் டோல், அத்திப்பள்ளியில் டோல், கிருஷ்ணகிரியில் டோல். இத்தனையும் கொடுத்துவிட்டு நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ரோட்டில் ஜல்லி கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மறுநாளே ஷோரூமுக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "கல்லு அடிச்சது சார், வாரன்ட்டில வராது" என்றார். வாரன்ட்டி புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அதை நானும் படித்தேன். சரி, இதற்கு என்ன வழி என்று கேட்டேன். பானெட் முழுக்க மறுபடி பெயின்ட் அடிக்க ஏழாயிரம் ஆகும் என்றார். ஆறு கடுகுப் புள்ளிக்காகத் தொழிற்சாலை பெயின்ட்டை மொத்தமாகத் தேய்த்து எடுப்பதா? தொழிற்சாலையில் வெற்று பாடியை ரசாயனத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சு ஏற்றுகிறார்கள். மேல்பூச்சை 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி இறுக வைக்கிறார்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும் பொருத்திய வண்டியை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அறுபது, எழுபது டிகிரிதான். மேலும் நாளைக்கு விற்கப் போனால் வாங்க வருகிறவன் பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டரை பானெட்டில் வைப்பான். கனம் கூடத் தெரிந்தால் "முன்னாடி இடிச்சிருக்கீங்களா?" என்பான். ஒரு லாரி தார்ப்பாய் கட்டாமல் போனதற்கு நான் விபத்து நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்? தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர்தான் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கிளைமுக்கும் கட்டாயமாக நம் கையிலிருந்து ஆயிரம் ரூபாய் போக வேண்டும். முதல் வருஷம் கிளைம் செய்யாமல் இருந்தால் அடுத்த பிரீமியத்தில் கிடைக்கிற 20 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸும் போய்விடும். அது வருஷா வருஷம் ஏறி ஐந்தாவது வருஷம் 50 சதவீதம் ஆக வேண்டியது. அதைப் பானெட்டுக்காகக் கெடுத்துக்கொண்டால், அடுத்த மாதமே வேறொரு டிப்பருக்குப் பின்னால் மாட்டினால் என்ன செய்வது?

எனக்கு உண்மையில் ரத்தம் கொதித்தது அதற்கு அப்புறம்தான். இதெல்லாம் பேசி முடித்ததும் அதே அட்வைசர் மேஜையிலிருந்து வழவழப்பான அட்டை ஒன்றை எடுத்தார். செராமிக் கோட்டிங், 25,000 ரூபாய். "நைன் ஹெச் ஹார்ட்னஸ் சார், எதுவும் ஆகாது." அந்த நைன் ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற சோதனை. கல்லடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செராமிக் பூச்சு சில மைக்ரான் கனம்தான் இருக்கும், ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் ஒட்டாமல் வழியும், கழுவ லேசாக இருக்கும், பளபளக்கும். எண்பதில் போகும்போது பறந்து வருகிற ஜல்லியை அது எப்படித் தடுக்கும்? காரில் இருக்கிற எல்லாப் பூச்சும் சேர்ந்தே நூறு மைக்ரானை ஒட்டித்தான் வரும், ஒரு வெள்ளைத்தாளின் கனம். தெரியாதவர்களிடம் இதைக் கல்லடிக்கு மருந்து என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை. நேருக்கு நேர் அப்படித்தான் சொன்னேன்.

பிபிஎஃப் என்கிற ஒளி ஊடுருவும் ஃபிலிம் உண்மையிலேயே தடுக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். பெயின்ட்டை விடக் கனமானது, கல் பட்டால் அடியை அது வாங்கிக்கொள்ளும். வண்டி முழுக்க ஒட்ட எனக்குச் சொன்ன விலை 95,000. அதாவது லாரிக்காரன் முந்நூறு, நானூறு ரூபாய் கயிறு வாங்கி தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டாததற்கு, நான் ஒரு லட்சம் கொடுத்து என் வண்டிக்குப் போர்வை போர்த்த வேண்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் இப்போது இதுதான் நியாயமாக இருக்கிறது. தண்ணீர் சரியில்லையா, நீ ஃபில்டர் வாங்கு. காற்று சரியில்லையா, நீ மெஷின் வாங்கு. கல் பறக்கிறதா, நீ ஃபிலிம் ஒட்டு.

"முன்னாடி வண்டிக்கு டிஸ்டன்ஸ் விட்டு ஓட்டணும் தம்பி" என்று புத்தி சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் அடி நாலு மடங்கு என்று எனக்கும் தெரியும். சூளகிரி தாண்டி டிப்பரைப் பார்த்தால் நூறு மீட்டர் விட்டுத்தான் வருகிறேன். பொம்மனஹள்ளியில் எப்படி விடுவது? இரண்டு அடி இடைவெளி விட்டால் மூன்று பைக்கும் ஒரு ஆட்டோவும் உள்ளே வந்துவிடும். ஓவர்டேக் செய்து முன்னால் வந்து விழுகிற வண்டி சிதறடிக்கிற கல்லுக்கு நான் எந்த டிஸ்டன்ஸைக் காட்டுவது?

கடைசியில் நானேதான் உட்கார்ந்து செய்தேன். வண்டியின் பெயின்ட் நிற எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அதே நிறத்தில் டச்சப் பாட்டில் வாங்கினேன். கூரை விளிம்பில் இருந்ததுதான் மோசம். அதில் தகரம்வரை தெரிந்தது. இரண்டு மழைக்குள் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்க ஆரம்பித்திருந்தது. பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, காத்திருக்கலாம். தகரம் காத்திருக்காது. பல் குத்துகிற குச்சி முனையில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் துருவை மட்டும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, வேறொரு குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வைத்தேன். அது தானாகப் பரவி ஓரத்தைத் தொடும். காய்ந்ததும் உள்வாங்கிவிடும், மறுபடி ஒரு சொட்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு தடவை. இரண்டு சனிக்கிழமை போயிற்று. கிட்டப் போய்ப் பார்த்தால் இப்பவும் தெரியும். துரு மட்டும் நின்றிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சந்தாபுராவில் டீ குடிக்க நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு ஜல்லி லாரி, தார்ப்பாய் இல்லாமல். டிரைவர் கிருஷ்ணகிரிப் பக்கம், தமிழ்தான் பேசினார். நேராகவே கேட்டேன். "ஏண்ணா, மேல ஒண்ணு கட்டக்கூடாதா? பின்னாடி வர்றவங்க கதி என்ன?" அவர் கோபப்படவில்லை. "ஓனர் வாங்கிக் குடுத்தா கட்ட மாட்டேனா தம்பி? போன வருஷம் கிழிஞ்சது. கேட்டா அடுத்த மாசம்ங்கிறாரு. எனக்கு டிரிப்புக்குத்தான் காசு. கட்டி அவுக்கவே அரை மணி நேரம் போவுது" என்றார். டீக்குக் காசை அவரே கொடுத்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

அந்த ஆளிடம் எனக்குச் சண்டை இல்லை. பத்து டிப்பர் வைத்துக்கொண்டு ஒரு தார்ப்பாய் வாங்க அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிற முதலாளியிடம்தான் சண்டை. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டமே இருக்கிறது. குவித்து ஏற்றிய வண்டி கிரஷர் கேட்டிலிருந்துதானே வெளியே வருகிறது? ரோடு முழுக்கத் துரத்த வேண்டியதில்லை. கேட்டில் ஒரு ஆள் நின்று, எடை சரியா, தார்ப்பாய் கட்டியிருக்கிறதா, மட் ஃப்ளாப் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பட்டும். ஒரு வாரம் விடாமல் திருப்பி அனுப்பினால் எட்டாவது நாள் எல்லா லாரியிலும் தார்ப்பாய் இருக்கும்.