செல்போன் 'டிவைஸா', 'ஹோஸ்டா'? யாராவது சொல்லுங்கய்யா!

நான் வாங்கிய டிஜிட்டல் பியானோவின் பின்பக்கம், சுவரோரமாக, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சதுரமாக ஒரு ஓட்டை தெரியும். அதன் மேல் பொடி எழுத்தில் 'டு ஹோஸ்ட்' என்று போட்டிருக்கிறது. முன்பக்கம், கைக்கு எட்டுகிற இடத்தில், நாமெல்லாம் பென்டிரைவ் சொருகுகிற தட்டை ஓட்டை. அதன் மேல் 'டு டிவைஸ்'. என் கையில் இருப்பது செல்போன், அதைப் பியானோவோடு இணைக்க வேண்டும். பெட்டியின் மேலேயே 'ஸ்மார்ட் டிவைஸுடன் இணைக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அப்படியானால் எந்த ஓட்டையில் சொருகுவீர்கள்? நானும் அதில்தான் சொருகினேன். போன் சார்ஜ் ஏறியது. அவ்வளவுதான்.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த பணம். 62,000 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் பியானோ. கம்பெனி பேர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்து எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். அங்கே ராத்திரி பத்து மணிக்குப் பெண் பியானோ பழக வேண்டும் என்றால் ஹெட்போன் மாட்டுகிற மாதிரி ஒன்றுதான் சரிப்படும். மூன்று பேர் சேர்ந்து மாடிப்படியில் ஏற்றினோம், திருப்பத்தில் கைப்பிடிக் கம்பியைக் கழற்றி. பெட்டியைத் திறந்தால் உள்ளே பவர் அடாப்டர், நோட்டு வைக்கும் தாங்கி, காலிங் பெல் சுவிட்ச் சைஸில் ஒரு பெடல். அப்புறம் 'ஈரமான இடத்தில் வைக்காதீர்' என்று பல மொழிகளில் ஒரு தாள். போனோடு இணைக்கிற ஒயர் இல்லை. விளக்கப் புத்தகமும் இல்லை, அதற்குப் பதில் கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோட். ஸ்கேன் செய்து படித்துக்கொள்ள வேண்டுமாம்.

பெண்ணுக்கு எட்டாம் வகுப்பு. அவள் பியானோ மிஸ் ஒரு ஆப் சொல்லியிருந்தார். நோட்டு திரையில் ஓடும், சரியாக வாசித்தால் பச்சை, தப்பாக வாசித்தால் சிவப்பு. போனின் மைக் வழியாகவும் அது கேட்டுக்கொள்ளும்தான். ஆனால் எங்கள் வீட்டில் மைக்கை நம்பினால் என்ன ஆகும்? எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் சிவப்பு. காசிமேட்டிலிருந்து வருகிற மீன்கார அக்கா 'சங்கரா, வஞ்சரம்' என்று குரல் கொடுத்தால் சிவப்பு. தண்ணி லாரி ஹாரன் அடித்தபோது மட்டும் ஒரு முறை பச்சை வந்தது. அதனால்தான் ஒயர் போட்டு இணைக்கலாம் என்று இறங்கினேன்.

அந்த ஹோஸ்ட் சமாசாரம் பிறகுதான் விளங்கியது. யூஎஸ்பி உலகத்தில் அதிகாரம் பண்ணுகிறவன் ஹோஸ்ட், சொன்ன பேச்சைக் கேட்கிறவன் டிவைஸ். இந்த இணைப்பில் கம்ப்யூட்டரும் போனும் ஹோஸ்ட், பியானோதான் டிவைஸ். ஆக 'டு ஹோஸ்ட்' என்றால் போனுக்குப் போகிற வழி. முன்னால் இருக்கிற தட்டை ஓட்டை பென்டிரைவுக்கு மட்டும். அதாவது, ஓட்டையின் பெயரைப் பியானோவின் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 62,000 கொடுத்தது பியானோவா, நானா? 'போன், கம்ப்யூட்டர்' என்று இரண்டு சொல் அச்சடிக்க அந்த இடத்தில் தாராளமாக இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.

சரி, ஒயர் வேண்டும். எனக்கு வேலை பாரிமுனையில், ஒரு கிளியரிங் ஆபீஸில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பர்மா பஜார் போனேன். முதல் கடைப் பையன், "இன்னா ணா, பியானோவா? டைப்-சி எடுத்துக்கோ ணா, எல்லாத்துக்கும் சேரும்" என்றான். எடுத்த போட்டோவைக் காட்டினேன். இரண்டாவது கடையில் ஸ்பீக்கர் ஒயர் கொடுத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் வயசானவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பிரிண்டர் கேபிள் தம்பி. ஏதாவது ஜெராக்ஸ் கடையில கேளு."

பிரிண்டர் கேபிள்! எங்கள் சந்து முனையில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரிண்டர். ஒன்று சும்மா கிடக்கிறது. கடை அண்ணனிடம் கேட்டேன், "பியானோவுக்கு இது எதுக்குப்பா?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். "ரெண்டு நாள்ல குடுத்துடு." 62,000 ரூபாய்ச் சாமானுக்கு உயிர் கொடுக்க ஜெராக்ஸ் கடையில் கையேந்த வேண்டியிருக்கிறது.

அந்தக் கேபிளின் மறுமுனை போனில் நேராக நுழையாது. நடுவில் ஓடிஜி என்று ஒரு குட்டிச் சாமான் வேண்டும். அதையும் வாங்கினேன். மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, என் போனில் ஓடிஜிக்கு செட்டிங்ஸ் உள்ளே தனி சுவிட்ச் இருக்கிறதாம்; எல்லா போனிலும் இல்லை, என் போனில் இருக்கிறது. அதைப் போட்டதும் பியானோ தெரிந்தது. பெண் ஓடி வந்து உட்கார்ந்து இரண்டு பாட்டு வாசித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி தெரியவில்லை. பத்து நிமிஷம் சும்மா விட்டால் அந்த சுவிட்ச் தானாக அணைந்துவிடுமாம், பேட்டரி மிச்சம் பிடிக்க. போகட்டும், அதையாவது பொறுக்கலாம். ஓடிஜி மாட்டியிருந்தால் சார்ஜ் போட வழியில்லை. போனில் 11 சதவீதம். பெண் பரீட்சைப் பாட்டை வாசிக்கிறாள், போன் உயிரை விடுகிறது. சார்ஜும் போட வேண்டுமென்றால் இரண்டு வாய் உள்ள வேறொரு ஓடிஜி வாங்க வேண்டுமாம்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவரின் கதை இன்னும் மோசம். அவர் மகனுடைய சின்னக் கீபோர்டில் பழைய போன் சார்ஜர் முனை மாதிரியான ஓட்டை. வீட்டில் கிடந்த சார்ஜர் ஒயரை மாட்டியிருக்கிறார். மூன்று நாள் மாரடித்தார். சாதாரண யூஎஸ்பி ஒயருக்குள் நாலு கம்பி: இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜர் ஒயர்கள் சிலவற்றில் கரண்டுக் கம்பி இரண்டை மட்டும் போட்டு மூடிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. எது எது என்று கண்டுபிடிக்க ஒரு அடையாளமும் கிடையாது. மூன்று நாள், ஒரு ஒயர்!

இதற்கு நடுவில் என் மச்சான் வந்தான். "ஒயரெல்லாம் எதுக்கு மாமா, ப்ளூடூத் இருக்குல்ல?" இருக்கிறது, பெட்டியிலேயே முத்திரை போட்டிருக்கிறது. அவன் போனை எடுத்து ஒரே தட்டில் இணைத்துவிட்டான். ஒரு கானா பாட்டைப் போட்டான். பியானோ ஸ்பீக்கரில் சும்மா அதிருகிறது. வீடே ஆடியது. "பாத்தியா மாமா?" பார்த்தேன். ஆப்பைத் திறந்தேன். 'பியானோ எதுவும் இணைக்கப்படவில்லை.'

ஏன்? அது பாட்டு கேட்கிற ப்ளூடூத். நாம் அமுக்குகிற கட்டையைப் போனுக்குச் சொல்கிறது வேறொன்று, அதற்குப் பெயர் ப்ளூடூத் மிடி. 2015இல் அதற்கென்றே தனித் தரம் வகுத்தார்கள். இரண்டும் வேறு வேறு, ஆனால் பெட்டியில் ஒரே நீல முத்திரை. என் பியானோவில் இருப்பது பாட்டு கேட்கிறது மட்டும்தான். அதாவது 62,000 ரூபாய்க்கு எனக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் கிடைத்திருக்கிறது. சரி, மிடி உள்ளதை வாங்கியவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. அதைப் போனின் ப்ளூடூத் பட்டியலில் போய்த் தேடக் கூடாது, ஆப்புக்கு உள்ளேயிருந்துதான் பிடிக்க வேண்டும். ப்ளூடூத் என்றால் எல்லோரும் முதலில் எங்கே போவார்கள்? பட்டியலுக்குத்தான்.

மிடி என்றால் என்ன என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதித் தலைவலி மிச்சம். அந்த ஒயரில் சத்தம் போவதே கிடையாது. வெறும் துண்டுச்சீட்டு போகிறது. '60ஆம் நம்பர் கட்டையை அமுக்கினாள், 85 வேகத்தில், இப்போது விட்டாள்.' பியானோவின் நடுவில் இருக்கிற 'சி' கட்டைக்கு நம்பர் 60. 88 கட்டைப் பியானோவில் இடது ஓரக் கட்டை 21, வலது ஓரம் 108. வேகம் 127 வரை போகும். சீட்டைப் படித்துவிட்டுப் போன் தன் பங்குக்கு ஒரு பியானோ சத்தத்தை வாசிக்கும். பியானோவும் வாசிக்கும். ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம், ஒன்றன் பின் ஒன்றாக, கல்யாண மண்டபத்தில் எக்கோ வைத்த மைக் மாதிரி. பெண் பயந்துவிட்டாள். 'பியானோ கெட்டுப்போச்சாப்பா?' பியானோ வாயை மூட 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைக்க வேண்டும். அதற்குத் தனி பட்டன் கிடையாது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு கட்டையைத் தட்ட வேண்டும். எந்தக் கட்டை? அது அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வருகிற புத்தகத்தில், பல பக்கம் தள்ளி. (ஆப்பில் சத்தத்தைக் குறைத்தாலே போதும் என்பதை இரண்டாம் நாள் என் பெண் கண்டுபிடித்தாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.)

சத்தம் போகாது என்பது தெரியாமல் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிற அண்ணன், "பிராக்டிஸுக்கு ஒரு டிராக் வாசிச்சு அனுப்புப்பா" என்றார். ஒயர் மாட்டித்தானே இருக்கிறது என்று போனில் வீடியோ ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ராத்திரி உருகி உருகி வாசித்து, கேட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பினேன். காலையில் அவர் போன் செய்தார். "தம்பி, கட்டை தட்டுற சத்தம் மட்டும்தான் வருது. டொக்கு டொக்குன்னு." சில பியானோக்கள் அதே யூஎஸ்பி ஒயரிலேயே சத்தத்தையும் அனுப்பும். என்னுடையது அனுப்பாது. அதற்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டுமாம். இதைக் கடையில் விற்கும்போது ஒருவர் வாய் திறந்து சொல்லவில்லை. கேட்டால், "யூட்யூப்ல பாருங்க சார், எல்லாம் இருக்கு."

லேப்டாப்பைப் பற்றி நீட்ட மாட்டேன். தட்டினால் தாமதமாகச் சத்தம் வந்தது, 'ஏசியோ' என்று ஒரு டிரைவர் போட்ட பிறகு சரியானது. பிரவுசரில் ஒரு பியானோப் பக்கம் திறந்திருந்ததால் மற்ற சாஃப்ட்வேர் எதற்கும் பியானோ தெரியவில்லை. முதலில் பிடித்தவனுக்கே சொந்தம் என்று என் லேப்டாப்பின் விண்டோஸில் ஒரு நியாயம். லேப்டாப்பின் ஹெட்போன் வாயிலிருந்து பியானோவுக்கு ஒரு ஒயர் போட்டால், சார்ஜர் சொருகியவுடன் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல், பிடுங்கினால் நிற்கிறது. போதும்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். மிடி நேற்று வந்ததல்ல. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கீபோர்டையும் ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனியின் கீபோர்டையும் ஒரே ஒயரில் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதிலும் கேட்டது. சந்தையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்த போட்டிக் கம்பெனிகள்! ஐந்து ஊசி உள்ள உருண்டை முனை, எந்தக் கம்பெனிக்கும் எந்தக் கம்பெனியும் சேரும், யாருக்கும் காசு கட்ட வேண்டாம். அதற்காகப் பாடுபட்ட டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி கொடுத்தார்கள். போட்டியாளர்களே அன்றைக்கு ஒரு ஒயரில் ஒத்துப்போனார்கள். இன்றைக்கு ஒரே கம்பெனியால் தன் சொந்தப் பெட்டிக்குள் அந்த ஒரு ஒயரைப் போட முடியவில்லை. 'ஈரத்தில் வைக்காதே' என்று அத்தனை மொழியில் அச்சடிக்கக் காசு இருக்கிறது, ஒயருக்கு இல்லையா?

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள், பியானோ இசைதான். அப்புறம் ஒரு தம்பி வந்தார். "சார், பியானோவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" நான் ஒயர் பெட்டியில் ஏன் இல்லை என்று கேட்கிறேன், அவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார். ஆன் பண்ணினால் ஒயர் முளைக்குமா தம்பி?

நேற்று ராத்திரி எல்லாம் கூடி வந்தது. ஓடிஜி சுவிட்ச் போட்டாச்சு, போனில் சார்ஜ் முழுசு, ஆப்பில் சத்தம் குறைச்சாச்சு. பெண் வாசிக்கிறாள், திரையில் வரிசையாகப் பச்சை, பச்சை, பச்சை. கடைசி வரி வருகிறது. கீழேயிருந்து கதவு தட்டும் சத்தம். ஜெராக்ஸ் கடை அண்ணன்.

"அந்தப் பிரிண்டர் படுத்துடுச்சுப்பா. ஆதார் பிரிண்ட் எடுக்க நாலு பேர் நிக்கிறாங்க. கேபிளைக் கழட்டிக் குடு."