கறுப்புக்குப் பட்ட பாடு

(நாகர்கோவில். தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்த மருமகன், காலையிலிருந்து மாடி வராந்தாவில் ஒரு பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்திருக்கிறார். மாமனார் ராணித்தோட்டம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "மாப்பிள்ளையிடம் வாயைக் கொடுத்துவிடாதீர்கள்" என்று மனைவி எச்சரித்துத்தான் காப்பியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.)

மாமனார்: காப்பி ஆறுகிறது மாப்பிள்ளை. என்ன, வாட்ச் ரிப்பேரா?

மருமகன்: வாட்ச் இல்லை மாமா, மல்டிடூல். லெதர்மேன் கம்பெனியின் சார்ஜ் என்கிற மாடல். ஒரே கைப்பிடிக்குள் 19 கருவி.

மாமனார்: கைப்பிடிக்குள்ளா? எனக்கு வேட்டி முழுக்க அல்லவா தெரிகிறது.

மருமகன்: கழற்றிப் போட்டிருக்கிறேன்.

மாமனார்: ஓ, மக்கர் பண்ணியதா?

மருமகன்: இல்லையே, நன்றாகத்தான் இருந்தது.

மாமனார்: (சற்று நேரம் பேசாமல் இருந்து) டிப்போவில் நாங்கள் ஓடாத வண்டியைத்தான் கழற்றுவோம். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.

மருமகன்: இது கஸ்டமைஸ் பண்ணுவது மாமா. அவரவர் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வது. இந்தப் பக்கத் தகடு இரண்டும் டைட்டானியம். இதைக் கறுப்பாக்க வேண்டும். உள்ளே ஒன்றிரண்டு கருவியை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். அவ்வளவுதான்.

மாமனார்: இந்த ஸ்குரூ என்ன, நட்சத்திரத்துக்கு நடுவில் தொப்புள் மாதிரி?

மருமகன்: செக்யூரிட்டி டார்க்ஸ். நடுவில் ஓட்டை உள்ள பிட், அதாவது ஸ்குரூடிரைவர் முனை, இருந்தால்தான் திரும்பும். கண்டவர்கள் கழற்றக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

மாமனார்: நீங்கள் கழற்றிவிட்டீர்கள்.

மருமகன்: பிட் தனியாக வாங்கினேன். 25 வருஷம் வாரண்டி உண்டு. நாமே மாற்றினால் அது செல்லாது.

மாமனார்: 25 வருஷத்தை இட்லிக்கும் காப்பிக்கும் நடுவில் முடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான்.

மருமகன்: இதைக் கண்டுபிடித்தவர் கதையைக் கேட்டால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். டிம் லெதர்மேன் என்று அமெரிக்கர். 1975-ல் மனைவியோடு ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பா சுற்றினார். கார் வழியெல்லாம் மக்கர், தங்கிய இடத்தில் குழாய் ஒழுகல். கையில் இருந்தது ஒரு சாரணர் கத்தி மட்டும். இதிலேயே ஒரு கட்டிங் பிளேயரும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார். ஒரு மாதத்தில் செய்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். உருப்படியான மாதிரி வருவதற்கே மூன்று வருஷம். விற்பனைக்கு வந்தது 1983-ல்.

மாமனார்: ஒரு மாதம் எட்டு வருஷமாகியிருக்கிறது. அதுவரை குடும்பம்?

மருமகன்: அந்த அம்மா வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டார்.

மாமனார்: நீங்கள் என் மகளிடம் எவ்வளவு நாள் சொல்லியிருக்கிறீர்கள்?

மருமகன்: இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள்.

மாமனார்: (மாடிப்படியை எட்டிப் பார்த்து) நல்லவேளை, அவளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சரி, கறுப்புதானே வேண்டும்? நட்டு போல்டுக்கெல்லாம் பிளாக்கோடைசிங் பண்ணுவார்களே. காஸ்டிக் சோடாவைக் கொதிக்க வைத்து உள்ளே போட்டால் கரி மாதிரி வரும். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான்.

மருமகன்: அது இரும்புக்கு மாமா. இரும்பின் மேல்தோல் மாறுவதால் வருகிற கறுப்பு அது. டைட்டானியத்தில் ஏது இரும்பு? இதற்குக் கரண்ட் வைக்க வேண்டும். அனோடைசிங்.

மாமனார்: கரண்டா? வீட்டு வயரிங் பழசு மாப்பிள்ளை.

மருமகன்: பயப்படாதீர்கள், பேட்டரிதான். ஒன்பது வோல்ட் பேட்டரியில் மூன்றைக் கோத்தால் 27 வோல்ட். தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்து, பாசிட்டிவ் பக்கம் டைட்டானியம், நெகட்டிவ் பக்கம் ஏதாவது ஸ்டீல். முக்கினால் சில விநாடியில் நிறம் ஏறிவிடும்.

மாமனார்: சோடா உப்பு ஏது?

மருமகன்: அடுக்களையில் ஆப்பத்துக்கு வைத்திருந்தது.

மாமனார்: அந்த ஏதாவது ஸ்டீல்?

மருமகன்: (குரலைத் தாழ்த்தி) எவர்சில்வர் கரண்டி. பூ வேலை செய்தது.

மாமனார்: அது உங்கள் அத்தையின் கல்யாணச் சீர். மேலே சொல்லுங்கள்.

மருமகன்: இதில் அதிசயம் என்னவென்றால் சாயமே கிடையாது மாமா. டைட்டானியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்போது நிறமாகத் தெரிகிறது. படலம் எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற நிறம்.

மாமனார்: மழைத்தண்ணீரில் டீசல் சிந்தினால் மயில் கழுத்து நிறம் காட்டுமே, அது மாதிரியா?

மருமகன்: அதேதான்! நான் இரண்டு வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள்.

மாமனார்: முப்பத்தைந்து வருஷம் டீசலிலேயே நின்றவன் மாப்பிள்ளை. எத்தனை வோல்ட்டுக்குக் கறுப்பு வரும்?

மருமகன்: 15 வோல்ட்டில் பித்தளை நிறம். 27-ல் நீலம். 60-ஐ ஒட்டி மஞ்சள். இன்னும் ஏற்றினால் ரோஸ், 90-ஐத் தாண்டினால் பச்சை.

மாமனார்: கறுப்பு?

மருமகன்: அது வராது.

மாமனார்: எத்தனை வோல்ட் வைத்தாலுமா?

மருமகன்: எத்தனை வைத்தாலும்.

மாமனார்: இது உங்களுக்கு எப்போது தெரிந்தது?

மருமகன்: முக்கி எடுத்த பிறகு.

(மருமகன் ஒரு தகட்டை எடுத்து நீட்டுகிறார். பளபளக்கும் நீலம். நடுவில் முட்டை வடிவில் ஒரு கறை.)

மாமனார்: இது என்ன, கம்பெனி முத்திரையா?

மருமகன்: என் கட்டை விரல். முக்குவதற்கு முன்னால் அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டும். துடைத்தேன். துடைத்துவிட்டுக் கையால் எடுத்துவிட்டேன். விரலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் நிறம் சரியாகப் பிடிக்கவில்லை.

மாமனார்: ரேகை தெளிவாக விழுந்திருக்கிறது. பத்திர ஆபீசில்கூட இப்படி விழாது. திருட்டுப் போனால் அடையாளம் சொல்ல வசதி. ஆனால் ஒன்று கேட்கிறேன், டைட்டானியம் எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா?

மருமகன்: ஏதோ தாதுவிலிருந்து...

மாமனார்: இல்மனைட். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மணவாளக்குறிச்சி. கடற்கரை மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள், அதில் கறுகறுவென்று இருப்பது அதுதான். அரசாங்கக் கம்பெனியே அங்கே மணலைப் பிரித்து எடுக்கிறது. பெரும்பாலும் வெள்ளை பெயின்டுக்குத்தான் போகிறது. ஆக, கறுப்பாகக் கிடந்ததை உலகம் முழுக்க எத்தனையோ பேர் உருக்கி, காய்ச்சி, வெள்ளி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கி...

மருமகன்: மாமா, வேண்டாம்.

மாமனார்: நான் ஒன்றும் சொல்லவில்லை. புவியியல் சொன்னேன்.

மருமகன்: கறுப்புக்கு ஒரு வழி இருக்கிறது. டிஎல்சி. வைரம் மாதிரி கடினமான கார்பன் பூச்சு. காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் வைத்துப் பூசுவார்கள். சில மைக்ரான் தடிமன்தான், ஆனால் லேசில் கீறல் விழாது. பூசின பிறகு கூழாங்கல்லோடு போட்டு உருட்டினால் பளபளப்பு போய் கொஞ்சம் தேய்ந்த மாதிரி வரும். அதற்குத்தான் மவுசு.

மாமனார்: கீறல் விழாத பூச்சுப் பூசி, அப்புறம் கல்லோடு உருட்டிப் பழசு மாதிரி ஆக்குவது. (எழுந்து உள்ளே போய், தன் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து வேட்டியில் வைக்கிறார்.) இந்த மாதிரியா?

மருமகன்: (கையில் வாங்கிக் கண் விரிய) மாமா! இதுதான்! இதே கறுப்புத்தான் வேண்டும். மூலையில் மட்டும் தேய்ந்து வெள்ளை தெரிகிறது பாருங்கள். எங்கே செய்தீர்கள்?

மாமனார்: ராணித்தோட்டத்தில்.

மருமகன்: என்ன செலவாகும்?

மாமனார்: செலவில்லை, சம்பளம் தருவார்கள். கிரீஸ், டீசல் புகை, நைட் ஷிப்ட். உங்களுக்கு அவசரமென்றால் ஓவர்டைம் பார்த்தால் இருபது வருஷத்தில் வந்துவிடும்.

(மருமகன் பிளேயரை மனமில்லாமல் கீழே வைக்கிறார்.)

மாமனார்: சரி, அந்த ஓரத்தில் இன்னொன்று மடங்கிக் கிடக்கிறதே, அது?

மருமகன்: அது வேறு மாடல். பழசாக வாங்கினேன். அதில் ஒரு குத்தூசி இருக்கிறது. தோல், கான்வாஸ் எல்லாம் ஓட்டை போடலாம். அதை எடுத்து இதில் போட்டிருக்கிறேன்.

மாமனார்: ஒரு குத்தூசிக்காக ஒரு முழுக் கருவி. செருப்புத் தைக்கிறவரிடம் கேட்டிருந்தால்... சரி விடுங்கள். பொருந்தியதா?

மருமகன்: தடிமன் மயிரிழை கூடுதல். அரம் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டது. இப்போது ஆடுகிறது. வாஷர் போட்டால் நின்றுவிடும்.

மாமனார்: போடுங்கள்.

மருமகன்: வாஷரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இருங்கள், காலைத் தூக்காதீர்கள்!

(இருவரும் குனிந்து தேடுகிறார்கள். கீழேயிருந்து மாமியாரின் குரல். மாமனார் காதைக் கொடுத்துக் கேட்கிறார்.)

மாமனார்: டின்பாலைத் திறக்க முடியவில்லையாம். பாயசம் உங்களுக்குத்தான். மாப்பிள்ளையிடம் என்னமோ கருவி இருக்கிறதாமே, கொண்டு வரச் சொல்லுங்கள் என்கிறாள். பத்தொன்பதில் டின் திறக்கிறது ஒன்று இருக்குமே?

மருமகன்: இருந்தது.

மாமனார்: இருந்ததா?

மருமகன்: அதை எடுத்துவிட்டுத்தான் குத்தூசி போட்டேன். இந்தக் காலத்தில் யார் டின் திறக்கிறார்கள் என்று நினைத்து...

மாமனார்: எடுத்த துண்டு எங்கே?

மருமகன்: இதோ இருக்கிறது. ஆனால் கைப்பிடி இல்லாமல் எப்படிப் பிடிப்பது?

(மாமனார் அதை வாங்கி, தன் கட்டிங் பிளேயரின் வாயில் கவ்வவைத்து இறுக்கிப் பிடிக்கிறார். இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். அசையவில்லை.)

மருமகன்: மாமா, இதற்குப் பெயர்தான் கஸ்டமைஸ்!

மாமனார்: அப்படியா? டிப்போவில் இதற்குப் பெயர் வைக்கவில்லை. வாருங்கள் போகலாம். அந்தக் கரண்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

மருமகன்: கேட்டால்?

மாமனார்: நான் காப்பி கொடுக்க மட்டும்தான் மாடிக்கு வந்தேன்.