நாக்கில் இனிக்காவிட்டால் சர்க்கரை நோய் போய்விடுமா?

‘அழகர்மலைச் சிறுகுறிஞ்சான் பொடியை ஒரு மண்டலம் (48 நாள்) சாப்பிட்டால் சர்க்கரை நோய் அடியோடு போகும், மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் நிறுத்தலாம். இலையை மென்றபின் சர்க்கரை இனிக்காது, அதுவே சான்று’ என்ற செய்தி மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இனிக்காது என்பது மட்டும் உண்மை. பச்சை இலையை நன்றாக மென்றுவிட்டு ஜிகர்தண்டா குடித்துப் பாருங்கள்: பாலும் குளிர்ச்சியும் தெரியும், தித்திப்பு தெரியாது. இலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளை மறைத்துவிடுகின்றன. சிறிது நேரத்தில் சுவை திரும்பிவிடும். இது நாக்கில் நடக்கும் கூத்து. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதற்கு இது அளவுகோலே அல்ல.

மூலிகையை வெறும் புரளி என்று நான் தள்ளவில்லை. சென்னை ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர் தினமும் 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் இலைச் சாரம் எடுத்தார்கள், வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்து, 18 முதல் 20 மாதங்கள் வரை. சர்க்கரை குறைந்தது, ஐந்து பேரால் மாத்திரையை விட முடிந்தது. மீதி 17 பேரைப் பற்றி வாட்ஸ்அப் பேசுவதில்லை! சிறிய ஆய்வு, அதிலும் 48 நாள் கணக்கு எங்கே?

உடலில் இன்சுலின் சுரக்காத முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. மாத்திரையோடு பொடியையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். எனவே பொடி எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை (HbA1c) செய்து பார்க்க வேண்டும்.