பெயின்ட் காசு 18,000

போன மாசம் வூடு மாத்துனேன். ஓசூருக்கு வந்த 11 வருஷத்துல இது 5வது வீடு. ராயக்கோட்டை ரோட்டுல இருந்து பாகலூர் ரோட்டுப் பக்கம், ஒரு குட்டியானை, ரெண்டு ட்ரிப்பு, பீரோ கண்ணாடி மட்டும் போச்சு. அத விடுங்க, சொல்ல வந்தது அட்வான்ஸ் கதை.

9,000 வாடகை, 90,000 அட்வான்ஸ். பெங்களூர்ல இருக்கற அந்த 10 மாச அட்வான்ஸ் வியாதி அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி நம்மளுக்கும் ஒட்டிக்கிச்சு, சம்பளம் மட்டும் ஒட்டல. காலி பண்ற அன்னிக்கு ஓனரக்கா பழைய டைரி ஒன்ன எடுத்து வெச்சுக்கிட்டு கணக்கு போட்டாங்க. பெயின்ட் 18,000. ஒரு ஹாலு, ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, அவ்ளோதான் வீடு. வாசக்கால் பக்கத்துல என் பொண்ணு வருஷா வருஷம் அவ உயரத்த பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்தா, 4 கோடு. அத விரல்ல தொட்டுக் காட்டி "இத பாருங்க தம்பி, பட்டி பாத்துத்தான் அடிக்கணும், சும்மா அடிச்சா தெரியும்"னாங்க. மீதி 72,000ல 40,000 கைல குடுத்தாங்க, பாக்கி 32,000 "அடுத்த ஆளு வந்து அட்வான்ஸ் குடுத்ததும் ஜிபே பண்ணிடுறேன்". இன்னிக்கு வரைக்கும் டூலெட் போர்டு தொங்குது, நான் வண்டில போகும்போதெல்லாம் பாத்துட்டுதான் போறேன். ஊர்லயே அந்த வீட்டுக்கு நல்ல வாடகைக்காரன் வரணும்னு வேண்டிக்கற ஒரே ஆளு நான்தான்.

அந்தக்காவ திட்டறதுக்கு இத எழுதல. அவங்க வீட்டுக்காரரு கம்பெனில வீஆர்எஸ் வாங்குன காசுல கட்டுன நாலு போர்ஷன், லோன் இன்னும் ஓடுது, என் அட்வான்ஸ் மாடி கட்டறதுல கரைஞ்சு போயிருக்கும், எங்க இருந்து எடுத்து குடுப்பாங்க? எனக்கு கோவம் வேற எடத்துல.

நம்மூர்ல வாடகைக்குன்னு ஒரு சட்டம் இருக்கறது எத்தன பேருக்கு தெரியும்? 2017ல போட்டாங்க, 2019 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு, ஓசூர் மாநகராட்சி ஆனதும் அதே மாசந்தான். வீட்டு ஓனரு, வாடகைக்காரன், உரிமை, பொறுப்புன்னு எல்லாத்தையும் சேத்து ஒரு மொழம் நீளத்துக்கு பேரு. 1960ல இருந்து இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்த தூக்கிட்டுத்தான் இத கொண்டாந்தாங்க. பழசுல நியாய வாடகை இவ்ளோதான்னு கோர்ட்ல போயி நிர்ணயம் பண்ணிக்கலாம், புதுசுல வாடகைங்கறது ரெண்டு பேரும் பேசி எழுதிக்கறது. பழசால ஓனர்ங்க பட்ட பாடும் நெஜம், அம்பது ரூபா வாடகைல மூணு தலைமுறையா உக்காந்துட்டு எந்திரிக்காத கேஸு எல்லா டவுன்லயும் இருந்துச்சு. அந்த பயத்துலயே வீட்ட பூட்டி வெச்சவங்க நெறய, 2011 சென்சஸ்ல நாடு பூரா டவுன்கள்ல மட்டும் 1.1 கோடி வீடு காலியா கெடந்துச்சுன்னு கணக்கு வந்துச்சு. அதனால சட்டத்த மாத்துனது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா மாத்துன சட்டத்துல அட்வான்ஸ் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. 3 மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, காலி பண்ணுன ஒரு மாசத்துக்குள்ள கழிக்க வேண்டியத கழிச்சுட்டு திருப்பிக் குடுத்துரணும். கேக்க நல்லாருக்கா? அந்த 3 மாசத்துக்கு முன்னாடியே ஒரு வால் ஒட்டியிருக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா ஒழியன்னு. அதாவது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா 10 மாசமும் வாங்கலாம். சாவி அவங்க கைல, மூட்டை முடிச்சு என் தலைல, இதுல நான் ஒத்துக்காம என்ன பண்ணுவேன்? அந்த ஒரு வரி இருக்கற வரைக்கும் 3 மாசங்கறது ஏட்டுச் சுரைக்காதான்.

இன்னொன்னு, ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், துணை கலெக்டர் ரேங்குக்கு குறையாத அதிகாரி, அரசாங்கத்துக்கு வெப்சைட்டே இருக்கு. பதிவு பண்ணுன ஒரு ஆள நான் இன்னும் நேர்ல பாக்கல, எங்க ஷிப்ட்ல கேட்டேன், எல்லாம் அதே 11 மாச பத்திரம், ஜெராக்ஸ் கடைல பேர மட்டும் மாத்தி பிரிண்ட் எடுத்தது. இதுல வேடிக்கை என்னன்னா ஒப்பந்தம் போடாததே வாடகைக்காரன காலி பண்ணச் சொல்லி கேஸ் போட ஒரு காரணம்னு அதே சட்டத்துல இருக்கு. எழுதிக் குடுக்க மாட்டேங்கறது அவங்க, எழுதலன்னு வெளிய போறது நானு.

சரி, இந்த வரியெல்லாம் ஏன் இப்படி வந்து உக்காருதுன்னு யோசிச்சு பாத்தா, மனு குடுக்கற எடத்துல யாரு இருக்காங்கறதுதான். வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னாடி கிரெடாய், நரெட்கோ மாதிரி பில்டர் சங்கங்க கோரிக்கை குடுக்கறாங்க, வாடகை வீடு கட்டுனா வரி சலுகை வேணும், வட்டி சலுகை வேணும்னு. அது அவங்க வேலை, கேக்கத்தான் செய்வாங்க. தொழிற்சங்கத்தையும் கூப்புட்டு பேசறாங்க, அங்க போறவங்க வாய்ல பென்ஷனும் சம்பளமும் வர்ற அளவுக்கு வாடகை வர்றதில்ல. சம்பளத்துல மூணுல ஒரு பங்கு எங்க போவுதுன்னு எங்க யூனியன்காரரையே கேட்டேன், "அது உன் பர்சனல்ப்பா"ன்னாரு.

சங்கம் இருந்தா என்ன நடக்கும்னு ஹாஸ்டல் ஜிஎஸ்டி விஷயத்துல பாத்தோமே. 2023ல கர்நாடகா அட்வான்ஸ் ரூலிங்ல (இது வீட்டு அட்வான்ஸ் இல்ல, எதுக்கு ஜிஎஸ்டி உண்டுன்னு முன்கூட்டியே சொல்ற ஆணையம்) ஹாஸ்டல், பிஜி எல்லாம் வீடு கணக்குல வராது, 12% ஜிஎஸ்டி உண்டுன்னு ஒரு உத்தரவு வந்துச்சு. தமிழ்நாட்டுல ஹாஸ்டல் நடத்தறவங்களும் சும்மா இருக்கல. சென்னை ஹைகோர்ட்டுக்கு போனாங்க, 2024 மார்ச்ல அவங்க பக்கம் தீர்ப்பு வந்துச்சு. அதே வருஷம் ஜூன் 22ந்தேதி ஜிஎஸ்டி கவுன்சில் 53வது மீட்டிங்ல, ஆளுக்கு மாசம் 20,000 வரைக்கும், தொடர்ந்து 90 நாள் தங்குனா வரி கெடையாதுன்னு முடிவாச்சு. ஒரு வருஷத்துக்குள்ள காரியம் முடிஞ்சுது. நல்ல முடிவுதான், ஹாஸ்டல்ல இருக்கறது நம்ம பசங்கதான.

ஆனா என் அக்கா பொண்ணு, பாலக்கோட்டுல இருந்து வந்து இங்க ஒரு கம்பெனில அசெம்ப்ளி லைன்ல நிக்கறா, அவ இருக்கற ஹாஸ்டல்ல 2023லயே ஜிஎஸ்டி வந்துருச்சும்மான்னு சொல்லி மாசம் 6,000 வாங்குன பெட்டு 6,700 ஆச்சு. நான் ஒரு நாள் அரிசி மூட்டை குடுக்க போனப்ப எண்ணுனேன், 4 ரூம், ரூமுக்கு 6 பெட்டு, ஆக 24. பழைய ரேட்டுல 24 பேரும் வருஷம் பூரா இருந்தாக்கூட 17,28,000 ரூபா. 20 லட்சத்துக்கு கீழ சர்வீஸ் பண்றவங்க ஜிஎஸ்டில ரிஜிஸ்டரே பண்ண தேவையில்ல. அந்த ஒரு ஹாஸ்டல் மட்டும் நடத்தறவங்களா இருந்தா கட்டாத வரிக்கு 700 ஏத்தியிருக்காங்க. கவுன்சில் வரிய எடுத்தப்புறம் குறைச்சாங்களான்னு கேட்டேன். "மாமா, குறைக்கறதா? இப்ப 7,200"ன்னா. வரி போனதுக்கு சங்கம் கேட்டுச்சு, வாடகை குறையறதுக்கு யாரு கேக்கறது, அவளா? கேட்டா சாயங்காலமே பெட்டிய எடுத்து வெளிய வெச்சிருவாங்க.

இப்ப அடுத்த அலை இந்த பெட்டு கணக்குதான். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்ல தொழிலாளிங்களுக்கு டார்மிட்டரி மாதிரி வாடகை வீடு, தனியாரும் அரசாங்கமும் சேர்ந்து கட்டும், பெரிய கம்பெனிங்க உறுதி குடுத்தா அரசாங்கம் பற்றாக்குறைக்கு பணம் போடும்னு அறிவிச்சாங்க. அதுக்கு அடுத்த மாசம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற கட்டடத்த முதல்வர் திறந்தாரு, 706 கோடி சொச்சம், தொழிற்பேட்டை நடத்தற அரசு நிறுவனம் சிப்காட் கட்டுனது, ஐபோன் செய்யற ஃபாக்ஸ்கான்ல வேலை செய்யற பொண்ணுங்களுக்கு. ஒரே வளாகத்துல 18,720 படுக்கை, கேக்கவே மலைப்பா இருக்கு. நம்ம மாவட்டத்துலயும் பர்கூர், சூளகிரி, போச்சம்பள்ளி, கெலமங்கலம்னு கம்பெனி வர வர இது இங்கயும் வரும், வரட்டும். 2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா, அந்த ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க தங்கியிருந்த விடுதில சாப்பாடு ஒத்துக்காம ஆஸ்பத்திரிக்கு போயி, மத்த பொண்ணுங்க சென்னை பெங்களூர் ஹைவேல உக்காந்துட்டாங்களே. விடுதி எப்படி இருக்குன்னு அதுக்கப்புறந்தான் எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. சங்கம் உள்ளவங்க டெல்லில மனு குடுக்கறாங்க, இல்லாதவங்க ரோட்டுல உக்காரணும்.

டார்மிட்டரில எனக்கு என்ன நெருடல்னா, வேலையும் படுக்கையும் ஒரே கைல இருக்கு. வேலை போனா அன்னிக்கு ராத்திரி எங்க படுக்கறது? சரி 20 வயசுல பெட்டு போதும், 26ல கல்யாணம் ஆயி ஒரு புள்ளையும் ஆச்சுன்னா அந்த பொண்ணு மறுபடியும் பாகலூர் ரோட்டுல 10 மாச அட்வான்ஸ் கேக்கற வீட்டுக்குத்தான் வரணும். கம்பெனிக்கு வேண்டியது ஷிப்டுக்கு வர்ற ஆளு, அதனால அவங்க பெட்டு கேட்டாங்க, பெட்டு கெடச்சுது. குடும்பத்துக்கு வாடகை வீடு வேணும்னு கேக்க எந்த இண்டஸ்ட்ரிக்கும் அவசியம் இல்ல.

சில்லறை விஷயமும் ரெண்டு சொல்லிடறேன், பெரிய ஆளுங்களுக்கு இது சில்லறை. கரண்ட்டு. வீட்டு சர்வீஸுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ப்ரீ, 2016ல இருந்து. பழைய வீட்டுல 4 போர்ஷனுக்கும் சேத்து ஒரே சர்வீஸ் நம்பர், எங்களுக்கு சப்மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபா, முதல் யூனிட்ல இருந்தே. ப்ரீ யாருக்கு போச்சுன்னு அந்த டைரிலதான் இருக்கும். அப்புறம் ஹெச்ஆர்ஏ, அதான் சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப் படிக்கு வரி கழிக்கறது. வருஷ வாடகை 1 லட்சத்த தாண்டுனா ஓனரோட பான் நம்பர் வேணும், 9,000ன்னா 1,08,000 ஆவுது. கேட்டதுக்கு "8,300ன்னு ரசீது எழுதிக்கோங்க தம்பி, மீதி கைல குடுத்துடுங்க, நமக்கு எதுக்கு வம்பு". பன்னெண்டால பெருக்கி பாருங்க, 99,600. அக்கா பத்தாவது பெயிலு, கணக்கு மட்டும் ஆடிட்டர் கணக்கு.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அட்வான்ஸ் வரில இருக்கற அந்த வால வெட்டுங்க, 3 மாசம்னா 3 மாசம். ஓனருக்கு பணம் முடங்குதுன்னா சின்ன ஓனருக்கு கம்மி வட்டில ஏதாவது குடுங்க, அந்த பில்டருக்கு யோசிக்கறத இவங்களுக்கும் யோசிங்க, நாலு போர்ஷன் வெச்சிருக்கற அக்காவுக்கும் டெல்லில சங்கம் கெடையாது. சப்மீட்டர் ரேட்டுக்கு ஒரு உச்சவரம்பு போடுங்க. யூனியன்காரங்க சம்பள பேச்சுவார்த்தைல வாடகைய பர்சனல்னு தள்ளாம ஒரு அஜெண்டாவா வைங்க. கமெண்ட்ல "சொந்த வீடு கட்டுடா"ன்னு வர்றவங்களுக்கு, மத்திகிரி பக்கம் ஒன்ற சென்ட் என்ன ரேட்டுன்னு விசாரிச்சுட்டு வாங்க, பேசலாம்.

புது ஓனரு நல்ல மனுஷன், தெலுங்குல பேசுனா இன்னும் நல்ல மனுஷன். அட்வான்ஸ் 60,000க்கு எறங்கி வந்தாரு. ஒப்பந்தத்த பதிவு பண்ணிடலாம்ணா, செலவு நான் பாத்துக்கறேன்னு போன்ல வெப்சைட்ட காட்டுனேன். கண்ணாடிய எறக்கி விட்டு ரெண்டு நிமிஷம் படிச்சாரு, "இதெல்லாம் மெட்ராஸ்காரங்களுக்கு போட்டதுப்பா"ன்னாரு. இல்லண்ணா நம்மளுக்கும்தான்னேன். "சரி, சந்திரசூடேஸ்வரர் தேரு முடியட்டும்"னாரு.

தேரு முடிஞ்சு நெலைக்கும் வந்துருச்சு. பேப்பரு ப்ரிட்ஜ் மேல இருக்கு, என் கையெழுத்து மட்டும் போட்டிருக்கேன். பொண்ணு வாசக்கால் கிட்ட பென்சிலோட நின்னா, இங்க வேணாம்டா கண்ணு, அப்பா ஒரு சார்ட் வாங்கிட்டு வரேன், அதுல போட்டுக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.