சமையல் மேடை வேலை செய்கிற இடம், சாமான் கொட்டுகிற இடம் இல்லை!

இன்று காலை காய் நறுக்கப் பலகை வைக்க இடமில்லை. பாதி சிங்க் விளிம்பிலும் பாதி அந்தரத்திலுமாக வைத்து நறுக்கினேன். பலகை ஆடியது, கத்தி வழுக்கி விரலைக் கீறிவிட்டது. காயம் சின்னதுதான். கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

மேடை சின்னது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். டேப் வைத்து அளந்தேன். அடுப்பும் சிங்க்கும் போக 5 அடி மிச்சம் இருக்க வேண்டும். நிஜத்தில் காலியாக இருந்தது 11 அங்குலம்! மீதி முழுக்க என்ன? மாதக்கணக்கில் யாரும் தொடாத டோஸ்டர். மாத்திரை டப்பா. சார்ஜர். சாவிக்கொத்து. பிரிக்காத தபால். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்றே தெரியாத ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

வீட்டுக்குள் நுழைகிற எல்லோருக்கும் கையில் இருப்பதை இறக்கி வைக்க அந்த மேடைதான் கண்ணில் படுகிறது. நீங்கள் வேலை பார்க்கிற மேசையில், கீபோர்டு மேல், நான் காய்கறிக் கூடையைக் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருப்பீர்களா? அதுவும் வேலை, இதுவும் வேலை. இதை இத்தனை வருடமாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் வலிக்கிறது.

அமெரிக்காவில் சமையலறை வடிவமைப்பாளர்களுக்கென்று இருக்கிற என்.கே.பி.ஏ. அமைப்பு, சிங்க்கை ஒட்டி 36 அங்குல நீளமும் 24 அங்குல ஆழமும் உள்ள இடம் நறுக்க, பிசைய, கலக்க வேண்டும் என்கிறது. அறை சின்னதென்றால் என்ன செய்ய முடியும் என்பவர்களுக்கு இன்னொன்று. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 2 மீட்டர்கூட இல்லை, நீளம் சுமார் 3.4 மீட்டர். அதற்குள்ளேயே ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து நறுக்க ஒரு மேசை! சமைக்கிறவளின் கையும் காலும் எப்படி நகர்கின்றன என்று யோசித்துச் செய்தது அது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்துவிட்டார். என் வீட்டில் இன்னும் யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் இந்த 'ஆர்கனைசர்' வாங்கச் சொல்கிறவர்கள்! நம்பி ஒரு இரண்டடுக்கு ஸ்டாண்டு வாங்கினேன். அதை எங்கே வைத்தேன்? அதே மேடையில். இருந்த இடமும் போனது. சாமான் அதிகமாகிவிட்டதே என்று அழுகிறவளுக்கு இன்னொரு சாமானை விற்கிறார்கள்.

கோளாறு மேடையில் இல்லை, கீழே அலமாரியில் இருக்கிறது. போன வாரம் எல்லாவற்றையும் தரையில் இறக்கினேன். 23 பிளாஸ்டிக் டப்பா. அதில் மூடி பொருந்தியது ஒன்பதுக்குத்தான். காது உடைந்த கோப்பைகள். பெட்டிகூடப் பிரிக்காத பரிசுப் பாத்திரங்கள். "தூக்கிப் போடாதே, எப்பவாவது உதவும்" என்று காப்பாற்றி வைத்தவை இவை. இவை உள்ளே காலை நீட்டிப் படுத்திருப்பதால்தான் தினமும் கைபடுகிற பாத்திரங்கள் வெளியே மேடையில் நிற்கின்றன.

பொருந்தாததையெல்லாம் கழித்தேன். தினசரிப் பாத்திரங்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள அலமாரி அடுக்குகளுக்கு வந்தன. எப்போதாவது எடுக்கிறவை பரணுக்குப் போயின. அகலத் தட்டுகளைப் புத்தகம்போல் நிறுத்தி அடுக்கினேன். ஒன்றை உருவ மேலே உள்ள ஐந்தைத் தூக்க வேண்டாம். எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன், சூட்டிலும் வெளிச்சத்திலும் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். மிக்ஸியை மட்டும் மேடையிலேயே விட்டேன். போட்டோவில் மேடை அழகாகத் தெரியுமென்று அதையும் உள்ளே தள்ளச் சொல்கிறார்கள். அவ்வளவு கனத்தைத் தினமும் குனிந்து தூக்கிப் பாருங்கள், இடுப்பு சொல்லும்.

4 அடி காலியானது. கையை வீசி வேலை செய்தேன், இரண்டே நாள். மூன்றாம் நாள் தபால் வந்தது, சார்ஜர் வந்தது. சாவிக்கென்று கதவோரம் கொக்கி அடித்துக் கொடுத்தும், இன்று காலை சாவிக்கொத்து பலகை வைக்கிற இடத்தில்தான் கிடந்தது.

வாசலருகே ஒரு கூடை வைத்துவிட்டேன். இன்று ராத்திரியிலிருந்து மேடையில் கிடக்கிற எதுவானாலும் அதற்குள் போகும். தேடி எடுப்பது அவரவர் பாடு. நான் எடுத்துத் தரமாட்டேன்.